கரை தெரியாத 18 நாட்கள்: கப்பலில் பொழுது போன கதை

வேலூர்க்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்மைக் கிண்டல் செய்வது ஊரறிந்த விஷயம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் பிழைப்பு என்று பார்த்தால் எனக்கும் கடலுக்கும் 31 வருஷத் தொடர்பு. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்பிங் பிரிவில் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். என்கிற சரக்கு ஏற்றிய சீட்டு, கன்டெய்னர் சீல் நம்பர், இதுதான் என் உலகம். ஹாம்பர்க்குக்குச் சரக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று மெயிலில் கேட்பார்கள். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இருபத்தெட்டு நாள் என்று தட்டி அனுப்புவேன். அந்த இருபத்தெட்டு நாளும் கப்பலில் இருப்பவன் பொழுதை எப்படிக் கழிப்பான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஓய்வு பெற்றபின் மனைவியும் நானும் மூன்று தடவை கப்பல் ஏறினோம். முதலாவது 2022-இல், சென்னையிலிருந்து. இரண்டு இரவு, நடுவில் ஒரே ஒரு முழு நாள், சும்மா கடலுக்குள் போய்த் திரும்புவது. அது கல்யாண மண்டபம் மாதிரி. பாட்டு, சத்தம், பந்தி என்று நேரம் தானாக ஓடிவிட்டது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவது 2023 நவம்பரில், பார்சிலோனாவிலிருந்து ஃபுளோரிடா. மகள் கலிபோர்னியாவில் இருப்பதால் அமெரிக்க விசா ஏற்கெனவே கையில் இருந்தது. கோடையில் மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பல்களில் பல, குளிர் தொடங்கும்போது கரீபியன் பக்கம் இடம் மாறும். வழியில் இறங்கிப் பார்க்க ஊர்கள் குறைவு என்பதால் டிக்கெட் மலிவு. டெனரீஃப் தீவை விட்டால் அப்புறம் ஏழு நாள் வெறும் தண்ணீர்தான். மூன்றாவது 2024 பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹவாய் போய் வந்தது. போக நாலு நாள், வர ஐந்து நாள். (திரும்பும்போது மெக்சிகோவின் என்செனாடாவில் சில மணி நேரம் நிறுத்துவார்கள். வெளிநாட்டுக் கொடி உள்ள கப்பல் வேறு நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆள் ஏற்றி இறக்கக்கூடாது என்று 1886-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஷிப்பிங்காரன் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.) நடுவில் உதிரியாக வந்த ஒரு நாளையும் சேர்த்தால், கரையே தெரியாத முழு நாட்கள் மொத்தம் 18.

கிளம்பும் முன் தெருவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அத்தினி நாளு அதுக்குள்ள இன்னா பண்ணுவீங்க?" என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பல்காரர்கள் தரும் பொழுதுபோக்கு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீட்டிலிருந்து ஏதாவது கைவேலை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் ஏழாவது நாளும் தெளிவான முகத்தோடு இருந்தார்கள்.

முதல் நாள் கப்பலைச் சுற்றிப் பார்ப்பதிலும் சாப்பிடுவதிலும் போய்விடும். இரண்டாம் நாள் தூக்கம். மூன்றாம் நாள்தான் சோதனை. காலையில் டெக்குக்குப் போனால் நேற்றுப் பார்த்த அதே நீலம், அதே வட்டம், நடுவில் நாம். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "இன்னாங்க இது, நம்ம பாலாத்துல இல்லாத தண்ணி மொத்தமும் இங்கதான் கீது போல" என்றாள். பத்து மணிக்கு, "சரி, இப்ப இன்னா பண்றது?" என்றாள்.

நிகழ்ச்சி இல்லாமல் இல்லை. மறுநாள் காலையிலிருந்து நள்ளிரவு வரை என்னென்ன நடக்கும் என்று அச்சடித்த தாள் ஒன்று முந்தின நாள் மாலையே அறைக்கு வந்துவிடும். பிங்கோ ஒரு தடவை ஆடினோம். சீட்டு விலையைக் கேட்டதும் போதும் என்று ஆகிவிட்டது. ஓவிய ஏலத்துக்கு ஏசிக்காகப் போய் உட்காரலாம், கையை மட்டும் தூக்கிவிடக்கூடாது. டவலில் யானை, குரங்கு மடிக்கச் சொல்லித் தந்தார்கள். அது நன்றாக இருந்தது, பேத்திக்கு இன்றும் செய்து காட்டுகிறேன். வினாடி வினாவில் பாதிக் கேள்வி அமெரிக்க டிவி தொடர்களைப் பற்றி. ஒருநாள் கிரிக்கெட் கேள்வி வந்தது, அன்று மட்டும் எங்கள் மேஜைக்கு நான்தான் ராஜா.

கிரிக்கெட் என்றதும் ஒன்று. அந்த நவம்பரில் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்துகொண்டிருந்தது. 19-ஆம் தேதி அகமதாபாத்தில் இறுதிப் போட்டி, நாங்கள் அட்லாண்டிக் நடுவில். கப்பல் வைஃபைக்குக் கேட்ட காசுக்கு வீம்பாக நெட் வாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு ஆஸ்திரேலியத் தம்பதி நின்றிருந்தார்கள். அவர் திரும்பி என் தோளில் கை வைத்த விதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது.

எனக்குக் கைகொடுத்தது ஒரு காகிதம். லாங்கு பஜாரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவார்களே, உலக அவுட்லைன் மேப், அதில் பத்துத் தாள் வாங்கிப் பெட்டியில் போட்டிருந்தேன். தினமும் பகல் 12 மணிக்கு கேப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார். அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், காற்று, கீழே எத்தனை மீட்டர் ஆழம் எல்லாம் சொல்வார். கேட்டுக் குறித்து, மேப்பில் ஒரு புள்ளி வைப்பேன். கப்பல் வேகத்தை 'நாட்' (knot) என்ற அளவில் சொல்வார்கள்; 18 நாட் என்றால் மணிக்கு 33 கிலோமீட்டர், நம்ம ஆற்காடு டவுன் பஸ் வேகம்தான். ஆனால் பஸ் மாதிரி நிற்காது. ஒரு பகலும் இரவும் ஓடினால் காட்பாடியிலிருந்து சென்னைக்கு மூன்று தடவை போய் வந்த தூரம் தாண்டியிருக்கும். மேப்பில் அது அரை சென்டிமீட்டர். ஆழம் 5,000 மீட்டர் என்று ஒருநாள் சொன்னார். மூன்று ஏலகிரியை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் உச்சி வெளியே தெரியாது. நாலாம் நாளிலிருந்து பன்னிரண்டு மணி எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டு தாள் தானமாகப் போனது.

மேற்கே போவதில் இன்னொரு வரவு உண்டு. பார்சிலோனாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். அதில் ஐந்தை நடுக்கடலில், ஒரு இரவுக்கு ஒரு மணி என்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளித் தருவார்கள். 25 மணி நேர நாள் என்றால் கேட்க இனிக்கும். எங்களுக்கு அது விடிகாலை மூன்று மணி விழிப்பாக வந்து சேர்ந்தது. ஹவாயிலிருந்து திரும்பும்போது கிழக்கே வருவதால் இரண்டு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயம், ஒயர் கூடை. மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். அட்லாண்டிக் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது மூன்று கட்டு ஒயரை உள்ளே திணித்தாள். கப்பலில் போய்க் கூடை பின்னப் போறியா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு மூலையில் நிட்டிங், குரோஷா போடுகிறவர்கள் கூடுவார்கள் என்று நிகழ்ச்சித் தாளில் ஒரு வரி இருந்தது. நடத்துவதற்கு ஆள் கிடையாது, அவரவர் வேலையை அவரவர் கொண்டு வர வேண்டும். எல்லாரும் கம்பளி நூலோடு உட்கார்ந்திருக்க, மனைவி பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் ஒயரைப் பிரித்தாள். ஐந்து நிமிஷத்தில் அத்தனை ஊசிகளும் நின்றுவிட்டன. ஒரு ஒயரை மடித்து வளையம் ஆக்கி, இன்னொன்றை அதற்குள் விட்டு எடுத்து, நாலு முனையையும் நாலு பக்கம் இழுத்தால் 'டக்'கென்று ஒரு சின்னச் சதுரம் இறுகும். அந்த டக்குக்குத்தான் அவர்கள் மயங்கினார்கள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு ஸ்காட்லாந்துப் பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவிக்கு இங்கிலீஷ் வராது, பாட்டி பேசும் இங்கிலீஷ் எனக்கே புரியாது. மனைவி அவர் விரலைப் பிடித்து வளையத்துக்குள் விட்டு, "இப்டி... இப்டி... இழு" என்றாள். முதல் நாள் எல்லா முடிச்சும் அவிழ்ந்து போனது. இரண்டாம் நாள் நாலு முடிச்சு நின்றது. மூன்றாம் நாள் ஒரு வரிசையை முடித்துவிட்டு, அந்தப் பாட்டி "இழு!" என்று தமிழிலேயே சத்தம் போட்டார். சிவன் கண் பின்னலைக் காட்டி இது என்ன என்று ஒருத்தர் கேட்டதற்கு, "திஸ் சிவா, ஹிஸ் ஐ" என்று மனைவி விளக்கம் சொன்னதை மட்டும் நான் திருத்தவில்லை.

ஐந்தாம் நாள் ஒயர் தீர்ந்துவிட்டது. அதுதான் அந்தப் பயணத்தின் பெரிய குறை. ஏழு கடல் நாளுக்கு மூன்று கட்டு பத்தாது.

அதனால் ஹவாய்க்கு ஆறு கட்டு கொண்டு போனோம். இந்தத் தடவை வேறு சிக்கல். விமானத்தில் பெரிய பெட்டியில் பத்திரமாக வந்த தையல் கத்திரியைக் கப்பல் ஏறும் இடத்து ஸ்கேனரில் பார்த்துவிட்டு, நீளம் அதிகம் என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். ரசீது கொடுத்தார்கள், கடைசி நாள் திரும்பவும் தந்தார்கள், அதில் குறை இல்லை. நடுவில் இத்தனை நாளும் ஒயரை நகவெட்டியால் வெட்டியவன் நான். கட்டைவிரல் காய்த்துப்போனது. போகிறவர்கள் மழுங்கின முனையுள்ள சின்னக் கத்திரியாக எடுத்துப் போங்கள். அப்படியே காந்தக் கொக்கி நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் அறைச் சுவர் இரும்புத் தகடு என்பதால் பச்சென்று ஒட்டும். வெட்டின ஒயரைச் சிக்கல் விழாமல் தொங்கவிடலாம், ஈரத் துண்டும் போடலாம்.

பல்லாங்குழி எடுத்துப் போனது வீண். மடக்குப் பலகையும் சோழியும் அழகாகத்தான் இருந்தன. கப்பல் ஒரு தடவை நன்றாகச் சாய்ந்ததும் சோழி மொத்தமும் கட்டிலுக்கு அடியில் போனது. இரண்டு இன்னும் அந்த அறையில்தான் இருக்கும். ஆடுபுலி ஆட்டத்துக்குப் பலகையே தேவையில்லை. நிகழ்ச்சித் தாளின் பின்பக்கம் கோடு போட்டு, மூன்று புலிக்குக் காசு, பதினைந்து ஆட்டுக்குக் கிழித்த காகிதம் வைத்து ஆடினோம். மனைவி ஆடு, நான் புலி. தினமும் என்னைக் கட்டிப் போட்டாள்.

ராத்திரிக்கு நட்சத்திரம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குப் போனவர்களுக்கு இருட்டின் அருமை தெரியும். கப்பலின் மேல்தளத்தில் விளக்கு வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். முன்பக்கம் ஓர் இருட்டு மூலையைத் தேடிக் கண்டுபிடித்தோம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. வட துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரமோ, அதுதான் நாம் நிற்கும் அட்சரேகை. லாஸ் ஏஞ்சலஸை விட்ட இரவு மூன்றரை முஷ்டி இருந்தது. ஒவ்வொரு இரவும் கொஞ்சம் இறங்கி, ஹவாய் நெருங்கும்போது இரண்டு முஷ்டிக்கு வந்துவிட்டது. வேலூரில் அது ஒன்றேகால் முஷ்டிதான். தெற்கே எதிர்ப்பக்கம் அகத்திய நட்சத்திரம் முதல் இரவு கண்ணில் படவே இல்லை. அப்புறம் தினமும் ஏறி ஏறி வந்தது. அரபு மாலுமிகள் ஒரு சின்னப் பலகையையும் முடிச்சுப் போட்ட கயிற்றையும் வைத்து இதே கணக்கைப் போட்டார்கள், அதற்குக் கமால் என்று பெயர். இரவு அளந்ததை மறுநாள் பகல் கேப்டன் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுவேன். இரண்டு டிகிரிக்குள் வந்தால் அன்று எனக்கு ஒரு ஐஸ்கிரீம் கூடுதல்.

பகலில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. அட்லாண்டிக்கில் மஞ்சள் நிறக் கடற்பாசி கோடு கோடாக மிதந்து வரும். கப்பல் கிளப்பும் அலையிலிருந்து பறவைக் கோலா மீன்கள் சிதறிப் பறக்கும். காலையில் நடந்தால் இதெல்லாம் கண்ணில் படும். கோட்டைப் பூங்காவில் நடக்கிற பழக்கத்தில் டெக்கில் சுற்றினேன், மூன்றரைச் சுற்று ஒரு மைல். ஒரு பக்கம் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், மறுபக்கம் மார்பில் கை வைத்து நிறுத்தும்.

போனை நம்பிப் போகாதீர்கள். நாற்பது படம் இறக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு படத்தைத் திறந்தால், மறுபடி நெட்டில் இணைந்தால்தான் ஓடும் என்று செயலி கையை விரித்தது. கப்பல் ஏறியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் சொந்த டவரைப் போன் தானாகப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். மயக்கத்துக்கு இஞ்சி மரப்பா நன்றாகக் கேட்கும், ஆனால் அது கடல் மயக்கத்துக்கு மட்டும்.

அது வந்தது ஹவாயிலிருந்து திரும்பும் வழியில், இரண்டாம் நாள். அலை 4 மீட்டர் என்று கேப்டன் சொன்னார். பாதிப் பேர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அறைக்குள் இருந்தால் குமட்டுகிறது என்று நாங்கள் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி மடியில் பாதிக் கூடை. ஒரு முடிச்சு, ஒரு துண்டு மரப்பா, மறுபடி ஒரு முடிச்சு.

அந்தக் கூடைதான் இப்போது ஞாயிற்றுக்கிழமை நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிறது. முள்ளுக் கத்திரிக்காயும் கீரையும் வாங்கிக் கீழே வைத்தால் லேசாக இடது பக்கம் சாயும். காய்கறிக்கார அம்மா, "எந்தக் கடையில வாங்கினீங்க, அடியில ஒரு வரிசை கோணலா கீதே" என்றார். கடை எதற்கு, நானே போட்டது, அன்னிக்கு அலை ஜாஸ்தி என்று மனைவி சொன்னாள். அவர் ஒன்றும் புரியாமல் தராசைத் தூக்கினார்.