டிஷ்ஷா, ஃபைபரா: டர்பன் தமிழ் வீட்டுக்கு எது ஒத்துவரும்?

தென்னாப்பிரிக்காவில் "கேபிளை நிறுத்திவிடலாமா" என்று யாரும் கேட்பதில்லை. மதுரையில் நான் வளர்ந்த தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய கேபிள் வயர் இங்கே பரவலாக வந்ததே இல்லை. அதன் இடத்தைக் கூரை மேல் இருக்கும் டிஷ் பிடித்துக்கொண்டது. அதனால் இங்கே தமிழ் வீடுகளில் கேள்வி இப்படித்தான் வரும்: டிஷ்ஷை வைத்துக்கொள்வதா, எடுத்துவிட்டு ஃபைபர் இணைய இணைப்பிலேயே எல்லாவற்றையும் பார்ப்பதா? டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு இரண்டு வருடம் ஓடியது. நான்கு மாதம் டிஷ் இல்லாமலும் இருந்து பார்த்தோம். பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சியே 1976இல்தான் வந்தது. 1986இல் எம்-நெட் என்ற கட்டணச் சேனல், 1995இல் டிஷ் வழியாக வரும் டிஎஸ்டிவி என்ற கட்டணச் சேவை. சன் டிவி, கே டிவி எல்லாம் டிஎஸ்டிவியின் இந்தியப் பொதிகள் (சேனல் தொகுப்புகள்) வழியாக வந்து சேரும்வரை, தமிழ்ப் படம் என்றால் தியேட்டர் அல்லது வாடகை வீடியோ கேசட்தான் என்று என் மாமியார் சொல்வார். அவர் டர்பனில் பிறந்தவர். பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழ் இன்னும் அவர் வாயில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது, பேசுவார். என் பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் அவரிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். இந்த ஊரில் பெரும்பாலான தமிழ் வீடுகளின் நிலை இதுதான். ஒப்பீட்டில் நான் எதற்கு அதிக மதிப்பெண் கொடுக்கிறேன் என்பது இதிலிருந்து வருகிறது என்பதால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

பணம்

எல்லோரும் முதலில் பார்ப்பது மாதக் கட்டணம். டிஎஸ்டிவியின் மேல்தட்டுப் பொதியான பிரீமியம் 2025இல் ஆயிரம் ராண்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. அமேசான் ப்ரைம் வீடியோ நூறு ராண்டுக்குள் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டிஷ்ஷை இன்றைக்கே கழற்றச் சொல்லும். ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை.

ஃபைபர் இணைப்புக்கும் மாதம் பணம் கட்ட வேண்டும். பிள்ளைகள் படிப்புக்காக 2020இல் நாங்கள் ஃபைபர் போட்டாகிவிட்டது, ஆகவே அதைத் தொலைக்காட்சிச் செலவில் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டில் இன்னும் ஃபைபர் இல்லை, படம் பார்ப்பதற்காகவே போடப் போகிறீர்கள் என்றால் அந்தக் கட்டணம் முழுவதையும் ஸ்ட்ரீமிங் (இணையத்தில் பார்ப்பது) பக்கம் எழுதுங்கள். மொபைல் டேட்டாவில் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. தினம் மூன்று மணி நேரம் பார்க்கும் வீட்டுக்கு மாதம் 270 ஜிபி. தரத்தைக் குறைத்துப் பார்த்தாலும் மணிக்கு 1 ஜிபி. இங்கே டேட்டா விற்கும் விலையில் அது கட்டுப்படியாகாது. வேகம் பெரிய பிரச்சினை இல்லை, எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும். அளவுக்கட்டுப்பாடு இல்லாத இணைப்புதான் முக்கியம்.

அடுத்தது, தமிழ்ப் படங்கள் ஒரே கடையில் கிடைப்பதில்லை. ஒரு படம் நெட்ஃபிளிக்ஸில், இன்னொன்று ப்ரைமில், மற்றொன்று சன் நெக்ஸ்ட்டில். இந்தியாவுக்கு வெளியே மட்டும் இயங்கும் சிம்ப்ளி சவுத், டெண்ட்கொட்டா போன்றவற்றில் சில. எல்லாம் வேண்டும் என்று நான்கைந்து சந்தா எடுத்தால் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும். டாலரில் கட்ட வேண்டிய தளம் என்றால் ராண்ட் விழும்போதெல்லாம் நம் கட்டணமும் ஏறும். மதுரையில் என் தம்பி பார்க்கும் எல்லாச் செயலியும் இங்கே திறப்பதுமில்லை.

இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒரு நேரத்தில் ஒரு சந்தா. இரண்டு மாதம் ஒன்று, பிறகு அதை நிறுத்திவிட்டு அடுத்தது. புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் விரதம், சனிக்கிழமை கோயில். அந்த மாதம் படத்துக்கு யாருக்கும் நேரமில்லை, எல்லாவற்றையும் நிறுத்திவைப்போம். முன்பு டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் நாத்தனார் வீட்டோடு ஒரே கணக்கைப் பங்குபோட்டோம். வீடு தாண்டிக் கடவுச்சொல் பகிர்வதை 2023இல் நெட்ஃபிளிக்ஸ் கட்டுப்படுத்தத் தொடங்கியதும் அதுவும் போயிற்று. டிஎஸ்டிவியும் சளைத்ததில்லை. தன் செயலியில் ஒரே நேரத்தில் ஒரு சாதனத்தில் மட்டும்தான் பார்க்கலாம் என்று 2022 மார்ச்சில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஒன்று மாறாது. டிஷ்ஷை எடுத்தாலும் வைத்தாலும், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் அரசு ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியின் லைசென்ஸ் வருடத்துக்கு 265 ராண்ட் கட்டத்தான் வேண்டும்.

மின்சாரம், மழை, வெள்ளம்

2023இல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தது. ஆறாம் கட்டம் என்று மின்சார நிறுவனமான எஸ்காம் அறிவித்த நாட்களில் பல மணி நேரம் மின்சாரமில்லை. அப்போது எங்கள் வீட்டில் ஸ்ட்ரீமிங்தான் ஜெயித்தது. ரௌட்டருக்கு மின்சாரம் கொஞ்சம் போதும். சின்ன பேட்டரிப் பெட்டி ஒன்றை மாட்டினால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும், பிள்ளைகள் டேப்லெட்டில் பார்ப்பார்கள். முன்பே இறக்கி வைத்திருந்தால் இணையமும் தேவையில்லை. டிஷ்ஷுக்கோ டெக்கோடர் பெட்டியும் ஓட வேண்டும், பெரிய டிவியும் ஓட வேண்டும், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ஒன்றும் நடக்காது.

டர்பனில் 2022 ஏப்ரலில் வந்த வெள்ளம் அதற்கு நேர்மாறு. நானூறு பேருக்கு மேல் இறந்த அந்த வாரத்தில் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. ஆனால் செய்தி தேவைப்பட்டது. எந்தச் சாலை இருக்கிறது, தண்ணீர் லாரி எங்கே வருகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. எங்களுக்கு மின்சாரம் மூன்றாம் நாள் வந்துவிட்டது, ஃபைபர் பதினோராம் நாள்தான் வந்தது. மண்ணோடு கேபிளும் போயிருந்தது. நிறுவனத்தைக் கூப்பிட்டால் பதிவுசெய்த குரல் மட்டும்தான். டிஷ்ஷுக்குப் பூமியில் வயர் கிடையாது. மின்சாரம் வந்த நிமிடமே படம் வந்தது.

இடியுடன் பெரிய மழை கொட்டும் கோடை மாலைகளில் டிஷ் படம் கட்டம் கட்டமாக உடைந்து மறையும். டிஷ்ஷுக்கு வரும் அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும், அதை யாராலும் தவிர்க்க முடியாது. பத்து இருபது நிமிடத்தில் திரும்பிவிடும். என்னைப் பொறுத்தவரை இது பெரிய குறையில்லை.

இந்த டிஷ் பற்றி எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க டிஎஸ்டிவிக்கான செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 68.5 பாகையில், இந்தியப் பெருங்கடலுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. டர்பனில் இருந்து பார்த்தால் அது வடகிழக்கு. ஒருநாள் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். டிஷ் பார்க்கும் திசையும் சென்னை இருக்கும் திசையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இந்தத் துறைமுகத்தில் இறக்கியது. அவர்கள் விட்டுவந்த கரையைப் பார்த்தபடிதான் சாட்ஸ்வர்த் கூரைகளில் இத்தனை டிஷ்ஷும் நிற்கிறது.

வீட்டுக்குள் கேட்கும் தமிழ்

விலையைவிட இதற்குத்தான் எங்கள் வீட்டில் அதிக நாள் பேச வேண்டியிருந்தது.

டிஷ் சேனல் ஆறு போல. போட்டுவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே இரவு எட்டு மணிக்கு வரும் தொடர், நேரலையாக வந்தால் இங்கே மாலை நாலரைக்கு வரும். என் மாமியார் கீரை ஆய்வதும் பட்டாணி உரிப்பதும் அந்த நேரத்தில்தான். சத்தம் சமையலறை வரை வரும். பிள்ளைகள் பார்க்கவே மாட்டார்கள், ஆனால் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "ஏன் மா இப்படிப் பண்ணுறா அவ?" என்று மாமியார் திரையைப் பார்த்துக் கேட்பார், நான் அடுப்படியில் இருந்து பதில் சொல்வேன். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் தமிழ் புழங்கும்.

டிஷ் இல்லாத நான்கு மாதத்தில் அது நின்றுபோனது. அதே தொடர்களை மாமியாருக்கு இணையத்தில் எடுத்துக்கொடுத்தோம். ஆனால் அவர் கையால் அதைப் போட முடியவில்லை. டிஷ் ரிமோட்டில் மூன்று எண்ணை அழுத்தினால் சேனல் வரும், அந்த எண் அவர் விரலுக்கு மனப்பாடம். ஸ்மார்ட் டிவியில் யார் கணக்கு, எந்தச் செயலி, எந்தப் படம் என்று ஆங்கிலத்தில் வரிசையாகக் கேட்கும். பேத்தி பள்ளியிலிருந்து வரும்வரை டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டால், "பரவாயில்லை மா, பிள்ளை வரட்டும்" என்பார். மூன்றாம் மாதம் டிவி இருக்கும் பக்கமே போகவில்லை. அவர் தமிழ் பேசுவதும் குறைந்தது. பேச ஆள் நான் ஒருத்திதான், நானும் வேலைக்குப் போகிறேன். எனக்கு அது பொறுக்கவில்லை.

அதே நான்கு மாதத்தில் மறுபக்கம் ஒன்று நடந்தது. என் மகளுக்குப் பதினான்கு வயது. தமிழ் சேனல்களில் அவளுக்கு ஒன்றும் புரியாது, கீழே எழுத்தும் வராது. ஸ்ட்ரீமிங்கில் தமிழ்ப் படங்களுக்கு ஆங்கிலத் துணைவரி இருக்கிறது. ஒருநாள் தற்செயலாக ஒரு தமிழ்ப் படத்தைப் போட்டவள், கடைசி வரை பார்த்தாள். பிறகு தானாகவே அடுத்தது. ஒரு மாதத்தில் "சரி", "போடா", "என்னடி" எல்லாம் சரியான இடத்தில் வந்து விழ ஆரம்பித்தன. கோயிலில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இரண்டு வருடமாக நான் முயன்றும் வராதது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாவும் பேத்தியும் சேர்ந்து பார்த்தார்கள். ஒரு வசனத்துக்குப் பேத்தி துணைவரியைப் படித்துச் சொன்னாள். "அப்படிச் சொல்லலையே அவன்" என்று மாமியார் ஆரம்பித்து, அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன என்று பத்து நிமிடம் விளக்கினார். பேத்திக்கு அவர் தமிழ் சொல்லிக்கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

தமிழ் தெரிந்த பெரியவர்களுக்கு டிஷ்ஷும் தெரியாத பிள்ளைகளுக்கு ஸ்ட்ரீமிங்கும் செய்யும் வேலையை ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று செய்வதில்லை. டிஷ்ஷை விட்டால் பணம் மிச்சம் என்று சொல்பவர்கள் வீட்டில் எழுபது வயதுக்கு மேல் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதே இல்லை.

விளையாட்டு

என் கணவருக்கும் மகனுக்கும் இதுதான் கேள்வி. உள்ளூர் கிரிக்கெட், எஸ்ஏ20 (இந்த நாட்டின் டி20 தொடர்), ஐபிஎல், ரக்பி எல்லாம் பெரும்பாலும் சூப்பர்ஸ்போர்ட் என்ற விளையாட்டுச் சேனல் குழுவின் கையில், அது டிஎஸ்டிவி வீட்டுச் சொத்து. எஸ்ஏ20இல் ஜோபர்க் சூப்பர் கிங்ஸ் சென்னை அணியின் முதலாளிகளுடையது என்பதால் எங்கள் வீட்டில் டர்பன் அணியை விட்டுவிட்டு மஞ்சள் சட்டை போடுகிறார்கள். ஆட்டம் வேண்டுமென்றால் டிஎஸ்டிவியை முழுதாக விட முடியாது. ஆனால் டிஷ் இல்லாமல் இணையம் வழியாகவே அதே சந்தாவை எடுக்கலாம். ஒரே குறை, இணையத்தில் படம் அரை நிமிடம் போலப் பிந்தி வரும். பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்த சத்தம் முதலில் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை

"இரண்டும் வேண்டாம், எல்லா இந்தியச் சேனலும் வரும்" என்று ஒரு பெட்டியை ஒரே விலைக்கு விற்பார்கள், வாங்காதீர்கள். நாங்கள் வாங்கினோம். ஒரு வருடத்துக்கு என்று பணம் கொடுத்தோம், மூன்றாம் மாதம் திரை கறுத்தது, விற்றவர் போனை எடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, சேனல்களை உரிமையில்லாமல் திருடிக் காட்டும் பெட்டி அது. புகார் செய்யவும் வழியில்லை.

நாங்கள் செய்தது

டிஷ்ஷைத் திரும்ப இணைத்தோம், ஆனால் பெரிய பொதியில் இல்லை. சிறிய பொதியும் அதன் மேல் தமிழ் சேனல்களும் மட்டும். எஸ்ஏ20 நடக்கும் ஜனவரியிலும் ஐபிஎல் மாதங்களிலும் மேல் பொதிக்கு ஏறி, முடிந்ததும் இறங்கிவிடுகிறோம். ஸ்ட்ரீமிங் ஒரு நேரத்தில் ஒன்று. எல்லாம் சேர்த்து முன்பு பிரீமியத்துக்குக் கட்டியதைவிடக் குறைவாகத்தான் வருகிறது.

எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது. வேலைக்குப் போகும் இளம் தம்பதி, ஃபைபர் ஏற்கெனவே இருக்கிறது, கிரிக்கெட் பைத்தியம் இல்லை என்றால் டிஷ் தேவையே இல்லை, தயங்காமல் எடுத்துவிடலாம். ஃபைபர் வராத பகுதி என்றால் டிஷ்தான், யோசிக்க வேண்டாம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து வாழும் வீடு என்றால், நிறுத்துவதற்கு முன் ஒரு மாதம் ஒரு தாளை டிவி பக்கத்தில் ஒட்டி யார் எதை எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுத் தாளில், ஆயிரம் ராண்ட் பொதியில் உண்மையில் ஓடியவை ஏழு சேனல்கள்தான். அவற்றில் இரண்டு தமிழ், இரண்டு விளையாட்டு.

2025 செப்டம்பரில் பிரான்சின் கனால் பிளஸ், டிஎஸ்டிவியை நடத்தும் மல்டிசாய்ஸைக் கையில் எடுத்துக்கொண்டது. பொதிகளும் விலைகளும் இனி மாறலாம். மாறினால் தாளை மறுபடி ஒட்டுவேன். மாமியாரின் மூன்று எண் மட்டும் அப்படியே இருக்க வேண்டும்.