பதுளைச் சந்தையில் பிபிலைத் தோடம்பழம்

பளபளப்பான பழம்தான் வேண்டுமென்றால் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்னக் கடை உங்களுக்குச் சரிவராது. இங்கே பிபிலைத் தோடம்பழம் தோட்டத்தில் பறித்தபடியே, கழுவாமல் வருகிறது. இரவிலும் குளிர் குறைவான ஊர்ப் பழம் என்பதால் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும், மேலே லேசாக மங்கியிருக்கும். அந்த மங்கல் அழுக்கில்லை, தோலே சுரக்கிற மெழுகு. காய் பெருக்கப் பெருக்க மெழுகும் சேர்ந்துகொண்டே போகும், பழுக்கும்போது அதன் சேர்மானமும் மாறி, கண்ணுக்குத் தெரியாத சிறு செதில்களாகப் படியும், அதனால்தான் ஒளி சிதறி மங்கலாகத் தெரிகிறது. பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் மினுங்கும்! இறக்குமதிப் பழங்களைக் கழுவும்போது இந்த மெழுகில் ஒரு பகுதி போய்விடுகிறது, அப்புறம் வெளியிலிருந்து மெழுகு பூசித்தான் அனுப்புகிறார்கள்.

கடைக்கார அண்ணன் கையில் தூக்கிப் பார்த்து பாரமான பழமாகத் தருவார், விலையும் நியாயம். ஒரே குறை, மத்தியான வெயில் நேரே பழக் குவியலில் விழுகிறது. நாள்பட்ட பழத்தில் மெழுகில் நுண்ணிய வெடிப்புகள் விடும், அதன் வழியே நீர் போய்த் தோல் சுருங்கும், வெயில் அதை இன்னும் வேகமாக்கும். ஒரு படங்கு கட்டினால் போதும். காலையிலேயே போய் வாங்குங்கள், வீட்டில் சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள்.