மக்கும் கூரியர் பை: பை நல்லது, விளம்பரம்தான் கொஞ்சம் அதிகம்

பாலித்தீனை விட்டொழிக்க நினைக்கும் சிறு தொழில்காரர்கள் முதலில் வாங்குவது, சோளமாவில் செய்ததாக விற்கப்படும் இந்தப் பையைத்தான். சோளமாவு வழி வருவது அதிலுள்ள பிஎல்ஏ என்ற மக்கும் பிளாஸ்டிக் மட்டுமே. பைக்கு நெகிழ்வு தரும் பிபிஏடி என்ற இன்னொரு பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே தயாராகிறது. அதுவும் மக்கும் என்பது உண்மை. ஆனால் 'முழுக்கத் தாவரப் பொருள்' என்று உங்கள் இணையதளத்தில் போட்டால் அது பொய்.

சான்று எண்ணைக் கேட்காமல் வாங்கவே கூடாது. ஈஎன் 13432 என்றால் தொழில்முறை உர ஆலைக்கான ஐரோப்பியச் சான்று. சுமார் 58 டிகிரி சூட்டில் 12 வாரம் வைத்தபின், 2 மி.மீ. சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. 6 மாதத்துக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். வீட்டு உரத்தொட்டியில் அந்தச் சூடு நிலைக்காது. அதற்கு ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 5810, பிரான்ஸின் என்எஃப் டி 51-800 போன்ற தனிச் சான்றுகள் உண்டு. 'ஆக்ஸோ' என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள்: அது ரசாயனம் கலந்த சாதாரண பிளாஸ்டிக், துகளாக உடையும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2021இலேயே தடை செய்துவிட்டது.

இந்தப் பையின் பெரிய பலவீனம் கிடங்கில் வெளிப்படும். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடும். முதலில் விடுவது பக்கவாட்டு ஒட்டு. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று ஓராண்டுக்கானதை அடுக்கி வைத்தால் கடைசிக் கட்டு குப்பைக்குத்தான் போகும். தயாரிப்புத் தேதியைக் கேட்டு, மூன்று நான்கு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். வெயில் படாத இடத்தில் வைத்து, பழைய கட்டை முதலில் எடுங்கள். புதுக் கட்டு வந்ததும் ஒரு பையில் வழக்கமான எடையைப் போல ஒன்றரை மடங்கு போட்டு, இடுப்புயரத்திலிருந்து நான்கு மூலையும் அடிபடும்படி போட்டுப் பாருங்கள். கூர்முனைப் பெட்டிகளுக்கு இது தாங்காது.

முகவரி ஸ்டிக்கரின் பசை பெரும்பாலும் மக்காது. 'ஸ்டிக்கரை வெட்டி எடுத்துவிட்டு உரத்தில் போடவும், பிளாஸ்டிக் மறுசுழற்சியில் சேர்க்க வேண்டாம்' என்று பையிலேயே அச்சிடச் சொல்லுங்கள். பாலித்தீனோடு கலந்தால் அந்த மறுசுழற்சியும் கெடும்.

நனைந்தால் கெடாத பொருளுக்கு இந்தப் பை தேவையே இல்லை. கெட்டிக் காகித உறை போதும், பழைய காகிதத்தோடு போட்டுவிடலாம். ஈரம் ஆகாத துணிக்கும் புத்தகத்துக்கும் மட்டும், வீட்டு உரச் சான்றுள்ள பையாக, திருப்பி அனுப்ப இரண்டாவது பசைப் பட்டை வைத்ததாகப் பார்த்து வாங்கலாம்.