மூக்கு நீண்ட ஸாக்கு: பழைய 'கன்டம்' தொடரோடு பல ஆண்டுகள்

'மொபைல் சூட் கன்டம்' தொடரின் 15ஆவது எபிசோடில் ஸாக்கு என்ற போர் ரோபோவுக்கு மூக்கு நீண்டுவிடும். முந்தைய வாரம் வரை உருண்டைத் தலையும் ஒற்றைக் கண்ணுமாக மிரட்டிய அதே இயந்திரம், இந்த வாரம் வற்றல் உடம்பும் எறும்புத்தின்னி முகமுமாக வந்து நிற்கும். ஒரு காட்சியில் இருந்த அளவு அடுத்த காட்சியில் இருக்காது. இந்தத் தொடரைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். அதில் நான் மிக அதிகமாகப் பார்த்த எபிசோட் இதுதான்.

தொடரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1979 ஏப்ரலில் நகோயா தொலைக்காட்சியில் தொடங்கி 1980 ஜனவரியில் முடிந்த ஜப்பானிய அனிமே, அதாவது அசையும் ஓவியத் தொடர் இது. டொமினோ யோஷியுகி இயக்கினார். பாத்திரங்களை வடிவமைத்தவர் யசுஹிகோ யோஷிகாசு. பணம் போட்டது ஒரு பொம்மை நிறுவனம். 52 எபிசோடுகள் என்று திட்டமிட்டார்கள். எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்காததால் 43இல் முடிக்க வேண்டியதாயிற்று. மறு ஒளிபரப்பிலும், 1980இல் வந்த பிளாஸ்டிக் மாடல்களின் விற்பனையிலும்தான் தொடருக்கு உயிர் வந்தது. பிறகு நடந்தது உலகமறிந்த கதை.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் நொடிக்கு 24 சட்டங்கள் (பிரேம்கள்) ஓடும். அன்றைய தொலைக்காட்சி அனிமேயில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி வைப்பார்கள். ஆக, நொடிக்கு எட்டு ஓவியங்கள். பேசும் காட்சியில் வாய் மட்டும் அசையும். ரோபோ கப்பலிலிருந்து புறப்படும் காட்சியை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு வாராவாரம் ஓட்டுவார்கள். பின்னணியில் கதை சொல்லும் நகாய் இச்சிரோவே எதிரி நாட்டு அரசரான டெக்வினுக்கும் குரல் கொடுக்கிறார். போதாததற்கு ஊர்பேர் தெரியாத சில்லறைப் பாத்திரங்களிலும் அந்தக் குரல் கேட்கும். பழகிய காதுக்கு இது ஒரு தனி விளையாட்டு. கடைசிப் பகுதியில் யசுஹிகோ நோய்வாய்ப்பட்டுப் பணியிலிருந்து விலக நேர்ந்தது. அதன் பிறகு முகங்கள் எபிசோடுக்கு எபிசோட் மாறுவது யார் கண்ணுக்கும் தெரியும்.

"கதை நல்ல கதை, படம்தான் சுமார், படத்தை மன்னித்துவிட்டுக் கதையை ரசிக்கலாம்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் 15ஆவது எபிசோட் அப்படிப் பிரித்துப் பார்க்க விடுவதில்லை. நாயகனான சிறுவன் அமுரோ ஒரு சிறு தீவில் இறங்க நேர்கிறது. அங்கே எதிரிப் படையிலிருந்து ஓடி வந்த குகுருஸ் தோவான் என்பவன் சில அநாதைப் பிள்ளைகளை வளர்க்கிறான். பிள்ளைகளின் பெற்றோரைக் கொன்றது அவனுடைய குண்டுதான். பிள்ளைகளையும் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தபோது அவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அவனிடம் மிஞ்சியிருப்பது ஒரு ஸாக்கு மட்டுமே. தோட்டா இல்லை. தேடி வரும் படையைப் பாறையை எறிந்தும் கைமுட்டியால் குத்தியும் விரட்டப் பார்க்கிறான்.

இப்போது அந்த நீண்ட மூக்கைப் பாருங்கள். பளபளப்பான, அளவு பிசகாத ஸாக்கு ஒன்று பாறை எறிந்தால் அது வேடிக்கையாக இருக்கும். இந்த எலும்பும் தோலுமான, கோணல்மாணலான இயந்திரம் எறியும்போது பட்டினி கிடந்த மனிதன் எறிவது போல இருக்கிறது. வரைந்தவர்கள் அவசரத்தில் வரைந்தார்கள். அதில் யாருக்கும் எந்த நோக்கமும் இல்லை. அப்படியானால் இந்த அழகு படைப்பில் இருக்கிறதா, என் கண்ணில் இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி எழுகிறது. ஒவ்வொரு முறையும் அந்தக் காட்சி வேலை செய்கிறது.

முடிவில் அமுரோ, உன்மேல் படிந்திருக்கும் போரின் வாடைதான் துரத்துபவர்களை இழுத்து வருகிறது என்று தோவானிடம் சொல்லி, தான் ஓட்டும் ரோபோவான கன்டமைக் கொண்டு ஸாக்குவைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடுகிறான். ரோபோ பொம்மை விற்பதற்காக எடுத்த தொடரில், ரோபோவைத் தூக்கி எறிவதே நல்ல முடிவு! பணம் போட்டவர்கள் இதை எப்படிப் பார்த்தார்களோ.

இந்த எபிசோடைப் பற்றி இதைப் படைத்தவர்களே ஒத்துப்போகவில்லை. தொடரைச் சுருக்கி 1981, 1982 ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாக்கியபோது இது இடம்பெறவில்லை. பிறகு ஆங்கிலத்தில் தொடர் வெளியானபோது டொமினோவின் விருப்பப்படி இதை மட்டும் விட்டுவிட்டார்கள். யசுஹிகோவோ, 2022இல் இந்த ஒரு எபிசோடையே எடுத்து முழுநீளத் திரைப்படமாக இயக்கினார். ஒருவர் மறைக்க நினைத்ததை மற்றவர் மேடையேற்றினார். இருவருமே அந்தத் தொடரை உருவாக்கியவர்கள். இதில் யாருடைய ரசனை சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தோவானின் ஸாக்குவை வேண்டுமென்றே ஒல்லியாகவும் மூக்கு நீண்டதாகவும் வடிவமைத்திருக்கிறார்கள். அதற்குப் பிளாஸ்டிக் மாடலும் வந்தது. கைப்பிசகாக வந்தது அதிகாரபூர்வமான உருவமாகிவிட்டது! படம் நேர்த்தியானது. பிள்ளைகள் ஓடுவதும், ஆடு முரண்டு பிடிப்பதும், வீட்டு வேலைகளும் யசுஹிகோவின் கைக்கே உரிய உயிர்ப்போடு இருக்கின்றன. ஆனாலும் நான் திரும்பப் போவது பழைய எபிசோடுக்குத்தான். புதிய மூக்கு அளந்து வைத்த மூக்கு. அதைப் பார்த்தால் சிரிப்பும் வரவில்லை, துக்கமும் வரவில்லை.

நீண்ட காலம் பார்த்ததில் மாறியது என் கவனம். முதலில் சண்டைகளுக்காகப் பார்த்தேன். இப்போது சண்டை வந்தால் காப்பி போட எழுந்துவிடுகிறேன். 13ஆவது எபிசோடில் அமுரோ தன் தாயைச் சந்திக்கிறான். எதிரிச் சிப்பாய்கள் தேடி வரும்போது படுக்கையில் நோயாளி போலக் கிடந்து, போர்வைக்குள்ளிருந்தே துப்பாக்கியால் சுடுகிறான். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்குமே என்று தாய் பதறுகிறாள். விடைபெறும்போது மகன் அவளுக்குப் படைவீரனைப் போல சல்யூட் வைத்துவிட்டுப் போகிறான். அதிக ஓவியங்கள் செலவான காட்சி இல்லை அது. அந்த விறைப்பில் அசைவு கூடியிருந்தால் கெட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

16ஆவது எபிசோடில் போர்க்கப்பலின் சமையற்காரர் உப்புத் தீர்ந்து வருகிறது என்று வந்து நிற்கிறார். கப்பல் லோப் நோர் ஏரியைத் தேடிப் போகிறது, உப்புக்காக. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்தவனுக்கு இதைவிட நம்பகமான போர்க்கதை வேண்டாம்.

எல்லாக் குறையும் காலப்போக்கில் இனித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பிற்பாதியில் வரும் ஜி-ஆர்மர் என்ற துணைக்கருவி கன்டமோடு இணைவதும் பிரிவதும் அப்பட்டமான பொம்மை விளம்பரம். திரைப்படங்களில் அதைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தது நியாயம்தான். மஞ்சள் நிறத்தில், பற்களைக் காட்டிக்கொண்டு, கைக்கொரு அரிவாளோடு வரும் ஸாக்ரெல்லோ என்ற இயந்திரத்தை இன்றும் என்னால் ஒரு போர்க்கருவியாக எண்ண முடியவில்லை. சொதப்பல் சொதப்பல்தான். மூக்குக்கு மட்டும் ஏன் சலுகை என்று கேட்டால், மூக்கு கதையோடு சேர்ந்துகொண்டது, அரிவாள் சேரவில்லை என்பேன்.

தம்பி மகன் புதிய அனிமே பார்ப்பவன். மூன்றாவது எபிசோடோடு நிறுத்திக்கொண்டான். "பெரியப்பா, உங்களுக்கு இது சின்ன வயது ஞாபகம், அதனால்தான் பிடிக்கிறது" என்றான். அப்படிச் சொல்ல வழியில்லை. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, திரைக்கு அடியில் ஓடும் எழுத்து வரிகளைப் படித்துப் படித்துத்தான் இதை முதலில் பார்த்தேன். அவனுக்குப் பிடித்த தொடர் ஒன்றை நானும் உட்கார்ந்து பார்த்தேன். வாள் சுழலும்போது தண்ணீரும் நெருப்பும் தெறிக்கின்றன. ஒரு கோடு பிசகவில்லை. எனக்குக் கண் நிறைந்தது, மனம் ஒட்டவில்லை. அவன் அதில் அழுதிருக்கிறான். அவன் அழுகைக்கு என்னிடம் எதிர்வாதம் எதுவும் இல்லை.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நேரம் குறைவென்றால் மூன்று திரைப்படங்கள் போதும். மூன்றாவதில் யசுஹிகோ திரும்பி வந்து நிறையப் புதிதாக வரைந்திருப்பதால் இறுதிப்போர் தொலைக்காட்சியில் இருப்பதைவிட மிக நன்றாக இருக்கும். ஆனால் அவற்றில் தோவான் இல்லை. தொடரையே பார்ப்பதென்றால் முதல் பத்து எபிசோடுகள் வரை பொறுத்துப் பாருங்கள். அதற்குள் பிடிக்காவிட்டால் பிறகும் பிடிக்காது. ஜி-ஆர்மர் இணையும் காட்சிகளைத் தாராளமாகத் தாண்டிவிடலாம்.