சைக்கிள் ஸ்பீடு சென்சாரைத் தப்பான இடத்தில் மாட்டி 3,450 ரூபாயை விழுங்கிய கடை: தஞ்சைப் பக்கத்து ஆட்கள் கவனம்

நேற்று சாயங்காலம்தான் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் யாராவது சைக்கிளுக்கு ஸ்பீடு மீட்டர் வாங்குவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்சாரை எங்கே மாட்ட வேண்டும் என்பதையும் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன். எனக்குப் போனது 3,450 ரூபாய்.

அப்பாவுக்கு வயது 66. சர்க்கரை இருக்கிறது. தினமும் விடியற்காலை கரந்தையிலிருந்து திருவையாறு வரை சைக்கிளில் போய்வருவார். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று நாலு ஆற்றுப் பாலம் தாண்டும் பாதை. போய்வர 20 கிலோமீட்டருக்குக் குறையாது. எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று தெரிந்தால் அவருக்கு ஒரு உற்சாகமாக இருக்குமே என்று பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவராகக் கேட்கவில்லை. நான்தான் ஆசைப்பட்டேன்.

கடை கியர் சைக்கிள் விற்கிற பெரிய ஷோரூம். கண்ணாடிக் கதவு, ஏசி, சீருடை போட்ட பையன்கள். வயர் இல்லாத மாடல் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு எதிரே சென்சார், ஹேண்டில்பாரில் மீட்டர். காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சென்சார் ஒரு சுற்று என்று எண்ணிக்கொள்ளும். மீட்டர் 2,950, மாட்டும் கூலி 500. "கூலி எதுக்குங்க, நானே மாட்டிக்கிறேனே" என்றேன். முதலாளி சிரித்துக்கொண்டே, "சார், இது காந்தம், சென்சார், செட்டிங்னு நுணுக்கமான வேலை. அப்பா ஓட்டற வண்டின்னு சொல்றீங்க. நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நம்ம பையன் பாத்துக்குவான்" என்றார்.

அப்பா ஓட்டுகிற வண்டி என்று அவர் வாயால் சொன்னதும் எனக்கு மனசு இளகிவிட்டது. டீ குடிக்கப் போனேன். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. திரும்பி வந்தபோது பின்சக்கரத்தின் இடது பக்கம், சக்கரத்தைத் தாங்கும் கம்பியில் சென்சாரைப் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்தான். "பின்னாடியா மாட்டுவாங்க?" என்று கேட்டேன். "இப்பல்லாம் பின்னாடிதான் சார்." நம்பிவிட்டேன்.

அடுத்த பத்து நாள் நடந்தது எனக்குத் தெரியாது. அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அப்பா வழக்கத்தைவிட அதிகமாக வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாராம். கேட்டால், "வயசாயிடுச்சு தம்பி. பாலம் ஏறறப்ப எட்டுக்கு வந்துடுது, சில நேரம் முள்ளே நகர மாட்டேங்குது" என்கிறார். அது முள் இல்லை, எண். அவருக்கு எல்லா மீட்டரும் முள்தான். மீட்டர் குறைத்துக் காட்டியதை உடம்பு தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பெடலை அழுத்தி அழுத்தி மிதித்திருக்கிறார் மனுஷன். மீட்டரை வாங்கிப் பார்த்தேன். அன்றைக்குத் திருவையாறு போய்வந்த தூரம் 13.6 என்று இருந்தது.

கடைக்குப் போன் போட்டேன். "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும், செட்டாக நாலு நாள் ஆகும்" என்றார்கள். சக்கரத்துச் சுற்றை எண்ணுகிற சாமானுக்கு செட்டாக என்ன இருக்கிறது?

நாலாவது நாள் அது நன்றாகவே செட்டானது. குடமுருட்டிப் பாலத்துக்கு முன்னால் டேக் நெகிழ்ந்து அறுந்து, சென்சார் அப்படியே உள்பக்கம் திரும்பி ஸ்போக்ஸில் மாட்டிக்கொண்டது. படக்கென்று ஒரு சத்தம், சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது. அப்பா காலை ஊன்றப் பார்த்துச் சாய்ந்திருக்கிறார். முட்டியில் தோல் வழன்றதோடு போயிற்று. பின்னால் பஸ் ஏதும் வரவில்லை, அந்த மட்டும் சாமி காப்பாற்றியது. சென்சார் இரண்டாக உடைந்திருந்தது, இரண்டு ஸ்போக்ஸும் போச்சு.

வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெரு பஞ்சர் கடை அண்ணனிடம் போனேன். முப்பது வருஷமாக உட்கார்ந்த இடத்திலேயே வேலை பார்ப்பவர், இந்த மாதிரி மீட்டரை விற்றதுகூட இல்லை. உடைந்த சென்சாரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, அந்தப் பெட்டியில தாளு இருந்துச்சா?" இருந்தது. எட்டாக மடித்த தாள், பிரிக்கப்படாமலே. பிரித்தால் முதல் படமே முன்சக்கரத்து ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் கம்பியில், சென்சார்தான். சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே 60 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறது. இவர்கள் மாட்டிய இடத்திலிருந்து ஹேண்டில்பார் ஒரு மீட்டர் தூரம்! சிக்னல் போய்ச் சேர்ந்தால் எண்ணும், சேராவிட்டால் எண்ணாது. அப்பாவின் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை.

அதோடு நிற்கவில்லை. சக்கரத்துச் சுற்றளவு செட்டிங்கில் 2050 என்று போட்டிருந்தான். அது 26 இஞ்ச் சக்கரத்துக்கான எண். அப்பா வண்டி டயரில் 700×35சி என்று எழுதியிருக்கிறது, அதற்கு 2168 மில்லிமீட்டர் போட வேண்டும். இதிலேயே கிலோமீட்டருக்கு 54 மீட்டர் குறையும். டயரைக் குனிந்து பார்க்கக்கூட இல்லாத நுணுக்கமான வேலைக்குத்தான் 500 ரூபாய் கூலி.

கடைக்குப் போனேன். முதல் நாள், "ஓனர் திருச்சி போயிருக்காரு." இரண்டாம் நாள், "வாட்ஸ்அப்ல போட்டோ போடுங்க, கம்பெனிக்கு அனுப்பறோம்." போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூன்றாம் முறை போனபோது முதலாளியே இருந்தார். "அறுப்பு சீசன் சார், ரோடெல்லாம் வைக்கோல். சக்கரத்துல சிக்கியிருக்கும், அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" ரோட்டில் வைக்கோல் கிடக்கிறது, உண்மைதான். ஆனால் அறுந்தது வைக்கோலா, அவர்கள் கட்டிய டேக்கா? டேக்கை அவர் மேஜையிலேயே வைத்தேன். பார்க்கவே இல்லை. "உடைஞ்ச சாமானுக்கு வாரன்ட்டி கிடையாது. சென்சார் தனியாவும் வராது. 4,800 ரூபாய் மாடல் இருக்கு, காந்தமே வேண்டாம், ஹப்புல மாட்டிடலாம். உங்களுக்காக 200 குறைச்சுக்கறேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மாடல் சக்கரத்தின் நடுவே ஹப்பில் ரப்பர் பட்டை போட்டு மாட்டுவது. சுழற்சியைத் தானே உணரும், சிக்னலும் தூரம் போகும், அதனால் பின்சக்கரத்திலும் மாட்டலாம். பையன் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறான். அது தெரிந்துதான் முதலாளி வைக்கோல் கதை சொல்கிறார். 3,450 ரூபாயை வாங்கிக்கொண்டு, அவர்கள் தப்புக்கு மேலும் 4,600 கேட்கிறார்கள்.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. காந்தம் வைத்த வயர் இல்லாத மாடல் என்றால் முன்சக்கரத்து ஃபோர்க்கில்தான் மாட்டச் சொல்லுங்கள். சென்சாரில் இருக்கும் கோட்டுக்கு நேராகக் காந்தம் கடக்க வேண்டும், நடுவே ஒரு தீக்குச்சி கனம் இடைவெளி போதும். சென்சாருக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்துக் கட்டினால் நழுவாது, இது பஞ்சர் கடை அண்ணன் சொன்னது. சுற்றளவுக்குச் சந்தேகம் என்றால் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தை ஒரே ஒரு சுற்று உருட்டி அளந்துகொள்ளுங்கள். பெட்டியில் இருக்கும் தாளைக் கடையிலேயே பிரியுங்கள். டீ குடிக்கப் போகாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு இன்று காலை பேசிப் புகாரைப் பதிந்துவிட்டேன். பில், உடைந்த சென்சார், அறுந்த டேக் மூன்றும் ஒரு கவரில் பத்திரமாக இருக்கின்றன. கடை பெயரை இப்போதைக்குப் போடவில்லை. 3,450 ரூபாய் திரும்பி வந்தால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.