மத்தில்டா, ஓடெட்டா: எந்தக் காதலில் சந்தேகம் கூர்மை?

காதலுக்குள் சந்தேகம் என்று கதை எழுத, இரண்டாம் உலகப் போர்க்கால பிரான்ஸில் நடந்த இரண்டு உளவுக் கதைகளில் எது பொருத்தம்? இரண்டிலும் உளவாளிகளைப் பிடித்தவர் ஒருவரே: ஜெர்மன் ராணுவ உளவுத்துறையின் ஹ்யூகோ ப்ளைஷர்.

ஜெர்மனிக்கு எதிராக உளவு பார்த்த பிரெஞ்சுப் பெண் மத்தில்ட் காரே 1941 நவம்பரில் பாரிஸில் சிக்கினார். சிறைக்குப் பயந்து சகாக்களைக் காட்டிக்கொடுத்தார், ப்ளைஷரின் காதலியும் ஆனார். அதன்பின் லண்டனுக்கு அவர் பெயரில் போன வானொலிச் செய்திகள் எல்லாம் ஜெர்மானியர் சொல்படி. அப்புறம் வந்தார் பியர் த வோமெகூர், பிரிட்டனின் உளவு ஆள். ஜெர்மன் முத்திரையோடு ஆவணங்கள் இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாகக் கிடைக்கின்றன என்று அவருக்கு உறுத்தியது. கேட்டார், மத்தில்ட் ஒப்புக்கொண்டார். 1942 பிப்ரவரியில் இருவரும் இங்கிலாந்து போனார்கள், மத்தில்ட் தங்களுக்காக உளவு பார்ப்பார் என்று நம்பிய ஜெர்மானியர் சம்மதத்தோடேயே! அங்கே மத்தில்டுக்குச் சிறை. 1949-இல் பிரெஞ்சு நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, பிறகு அது குறைக்கப்பட்டது.

பிரிட்டனின் உளவாளி ஓடெட் சான்சம் கதை நேர்க்கோடு. 1943 ஏப்ரலில் சக உளவாளி பீட்டர் சர்ச்சிலுடன் பிடிபட்டபோது, பீட்டர் தன் கணவர், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் உறவினர் என்று ஓடெட் பொய் சொன்னார். அந்தப் பொய்தான் இருவரையும் காப்பாற்றியது. 1947-இல் மணந்தார்கள், பின்னர் பிரிந்தார்கள்.

வீரத்துக்கு ஓடெட், சரி. ஆனால் சந்தேகத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவர் மத்தில்டிடம்தான் போக வேண்டும். ஓடெட்டின் பொய் எதிரிக்கு. மத்தில்டோ பக்கத்தில் படுத்திருப்பவருக்கே பொய் சொன்னார், அதுவும் இரு தரப்பிலும்.