ரெட்வோல் எலிகளுக்கு எந்தத் திரை பொருத்தம்?

பிரையன் ஜேக்ஸ் எழுதிய ரெட்வோல் வரிசையில் 22 நாவல்கள் உள்ளன. முதலாவது 1986இலும் கடைசியானது அவர் மறைந்த 2011ஆம் ஆண்டிலும் வெளியாகின. மனிதர் நடமாட்டமே இல்லாத காட்டுலகில் எலிகள் நடத்தும் ஒரு மடத்தையும் அதன்மீது படையெடுத்து வருபவர்களையும் சுற்றி நகரும் இக்கதைகளைத் திரைக்குக் கொண்டுவரப்போவதாக நெட்பிளிக்ஸ் 2021 பெப்ரவரியில் அறிவித்தது. முதல் நாவலை முழுநீளப் படமாகவும் மார்ட்டின் என்னும் வீரனின் கதையைத் தொடராகவும் எடுப்பது என்பதே அந்த அறிவிப்பு. இத்தகைய வரிசையொன்றைத் திரையாக்க உள்ள வழிகள் அனைத்தும் வேறு விலங்குக் கதைகளில் ஏற்கெனவே கையாளப்பட்டுவிட்டமையால், ஊகம் செய்யத் தேவையில்லாமல் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறு நூலகமொன்றில் முதல் நாவலைச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிவருபவன் என்ற முறையில் என் அளவுகோல் ஒன்றுதான்: வன்னிப் பிள்ளையொருவர் தாயின் கைத்தொலைபேசியில் பார்த்தாலும் கதை சிதையாமல் போய்ச்சேர வேண்டும்.

நூல் பிறந்த விதத்தை முதலில் சொல்லியாக வேண்டும். லிவர்பூல் நகரில் பால் விநியோகம் செய்துவந்த ஜேக்ஸ், தாம் பால் கொண்டுசென்ற பார்வையற்றோர் பாடசாலையின் பிள்ளைகளுக்காகவே முதல் கதையை எழுதினார். பார்க்க முடியாத பிள்ளைக்கு ஒரு விருந்தை விளக்க வேண்டுமானால் மணத்தையும் சுவையையும் பாத்திரங்களின் ஓசையையும் எழுதித்தான் ஆகவேண்டும். அதனாலேயே இந்நாவல்களில் சாப்பாடு பக்கம் பக்கமாக வருகிறது, ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பேச்சுவழக்கில் பேசுகிறது. காதுக்கும் நாக்குக்குமாக எழுதப்பட்ட ஒன்றைக் கண்ணுக்கு மாற்றுகிறோம் என்ற நினைவு இல்லாமல் எடுக்கப்படும் எந்தப் படமும், எவ்வளவு செலவழித்தாலும், வெறும் வாள்சண்டைப் படமாகவே முடியும்.

பெரிய நிறுவனங்களை முதலில் ஈர்ப்பது, நிஜ விலங்குபோலவே தோன்றும் கணினி வரைகலை. 2019இல் வந்த லயன் கிங் அந்த வழியின் உச்சம். தமிழில் சித்தார்த், அரவிந்த்சாமி, ரோபோ சங்கர், சிங்கம்புலி ஆகியோர் குரல் கொடுத்தமையால் எம்மவர் பலரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். வசூலில் குறையில்லை. ஆனால் 1994ஆம் ஆண்டின் கைவரைப் படத்தில் தந்தையின் உடலருகே நிற்கும் குட்டியின் முகத்தில் தெரிந்த துயரம், மயிர்க்கால் வரை நிஜமாக்கப்பட்ட புதிய முகத்தில் தெரியவில்லை. சிங்கத்துக்குப் புருவம் நெளியாது, உதடு நடுங்காது. நிஜத்துக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் நடிப்பைக் கைவிட வேண்டும், நடிக்கவைத்தால் நிஜம் கெடும். வன்னியில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. வாய்க்கால் வரம்பைக் கடக்கும் முன் கீரி எப்படிப் பின்னங்கால்களில் எழுந்து, மூக்கை உயர்த்தி, ஒரு கணம் அசையாமல் பார்க்கும் என்பது இங்குள்ள பிள்ளைக்குப் பாடம். யானை மிரண்டிருப்பதைக் காதை வைத்தே சொல்லிவிடுகிற அந்தப் பிள்ளை, நிஜக் கீரியின் உடலோடு வந்து வாயை மட்டும் அசைத்து வசனம் பேசும் உருவத்தை இரண்டு நிமிடத்துக்கு மேல் நம்பாது.

ரெட்வோலில் உடையும் சேர்ந்துகொள்கிறது. முதல் அத்தியாயத்திலேயே மத்தியாஸ் என்னும் எலிச் சிறுவன் தன் காலுக்குப் பெரிதான செருப்புத் தடுக்கி, கூடையிலிருந்த கொட்டைகளைச் சிதறவிட்டு மடத்தலைவரின் முன்னால் விழுகிறான். கோட்டில் வரைந்தால் அந்த ஒரு காட்சியில் அவன் வயது, அவசரம், நாணம் எல்லாம் வந்துவிடும். நிஜ எலிக்குத் துறவியாடையும் செருப்பும் மாட்டினால் சர்க்கஸ் ஞாபகம்தான் வரும். அளவும் இடிக்கும்: மடத்தின்மீது படையெடுத்து வரும் குளூனி என்னும் எலித் தலைவன் நூற்றுக்கணக்கான படையினரோடு குதிரை பூட்டிய வைக்கோல் வண்டியொன்றில் வந்து இறங்குகிறான், ஆனால் பிந்திய நாவல்களில் குதிரைக்கே இடமில்லை. வாசிக்கும்போது யாரும் அளவுகோல் பிடிப்பதில்லை; நிஜம்போன்ற படத்திலோ மதில் எத்தனை அடி, எலி எத்தனை அங்குலம் என்று கண் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். 2016ஆம் ஆண்டின் ஜங்கிள் புக் இதே முறையில் ஓரளவு வென்றதற்குக் காரணம், அதன் நடுவில் ஒரு மனிதச் சிறுவன் நின்றதும் விலங்குகள் உடையின்றி விலங்குகளாகவே இருந்ததும்தான்.

ஒற்றைப் படமா தொடரா என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கத்ரின் லாஸ்கியின் ஆந்தைக் கதை வரிசையின் முதல் மூன்று நாவல்களைச் சாக் ஸ்னைடர் 2010இல் ஒரே படத்துக்குள் அடக்கினார். மழைக்குள் ஆந்தை பறக்கும் காட்சியில் ஒவ்வொரு துளியும் இறகில் பட்டு உடைவது இன்றும் கண்ணில் நிற்கிறது, ஆனால் கூடப்பறந்த ஆந்தைகளின் பெயர்கள் படம் முடியும் முன்பே மறந்துவிடுகின்றன. தொடர் என்றாலும் முறை பிழைத்தால் பயனில்லை. ரிச்சர்ட் அடம்ஸின் முயல் காவியமான வாட்டர்ஷிப் டவுன் 2018இல் பிபிசியிலும் நெட்பிளிக்ஸிலும் கணினி வரைகலையில் நான்கு பகுதிகளாக வந்தபோது பரவலாக எழுந்த முறைப்பாடு, எந்த முயல் எது என்று தெரியவில்லை என்பதே. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவுப் பாட்டோடு களரிக்குள் வருவதால், வெளிச்சம் மங்கிய பின்னிருக்கைக்கும் வந்தவர் யாரென்று விளங்கிவிடும். அந்த முயல்களுக்கு அப்படியொரு வரவை யாரும் வைக்கவில்லை. நீர்வண்ணப் பின்னணியில் கையால் வரையப்பட்ட, அதே நாவலின் 1978ஆம் ஆண்டுப் படத்தில் இந்தக் குழப்பம் மிகக் குறைவு.

அந்தப் பழைய படத்தைப் பற்றிய சர்ச்சை வேறு. குருதியும் மூச்சுத்திணறலும் நிறைந்த அதற்குப் பிரித்தானியத் தணிக்கைக் குழு எல்லா வயதினருக்குமான யு சான்றிதழ் வழங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பின்னரே அது பெற்றோர் வழிகாட்டல் தேவை என்ற தரத்துக்கு மாற்றப்பட்டது. முற்றுகையே கதையாக உள்ள ரெட்வோலிலும் இதே கேள்வி எழும். குளூனி நெருங்குகிறான் என்றதும் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மடத்துக்குள் தஞ்சம் புகுகின்றன. வயல் எலிக் குடும்பமொன்று மட்டும் அவனிடம் பிடிபடுகிறது. இதை நான் சொன்ன அன்று பிள்ளைகள் வாளைப் பற்றியே கேட்டார்கள். கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற தாய்மாரில் ஒருவர்தான், "அண்ணை, பிடிச்சுக்கொண்டு போன அந்தக் குடும்பத்தை விட்டவங்களோ?" என்று கேட்டார். மத்தியாஸ் அவர்களை மீட்டுவிடுகிறான் என்று சொல்லி அனுப்பினேன். 2009இற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு முற்றுகை ஒரு கதை. பின்னால் இருந்து கேட்பவர்களுக்கு அப்படியில்லை. ஆகவே வன்முறையை வெட்டி எறிவது எனக்கு உடன்பாடில்லை, அதைத் தோலின் கிழிசல்வரை நிஜமாகக் காட்டுவதும் உடன்பாடில்லை. வரைந்த கோடு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கக்கூடியது. கொலின் டானின் நாவல்களிலிருந்து ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 1993 முதல் 1995 வரை கூட்டாகத் தந்த ஃபார்திங் வூட் தொடரில், வீதியைக் கடக்கும் முள்ளெலி இணை வாகனத்தில் அகப்பட்டு இறக்கிறது. சிறுவர் தொடராக இருந்தும் அந்தச் சாவை அது மறைக்கவில்லை, ஆனால் அதில் திளைக்கவும் இல்லை.

பொம்மையும் களிமண்ணும் கொண்டு எடுக்கும் முறைகள் எனக்குப் பிடித்தமானவை என்றாலும் நீண்ட வரிசைக்குத் தாங்கா. பொம்மைகளால் ஆன டார்க் கிரிஸ்டல் தொடர் 2019இல் வந்த ஒரே பருவத்தோடு நின்றுபோனது. நிஜ விலங்குகளைப் பழக்குவதென்றால், குட்டிகள் வேகமாக வளர்ந்துவிடுவதால் 1995ஆம் ஆண்டின் பேப் படத்தில் ஒரு பன்றிக்குட்டிப் பாத்திரத்துக்கு மட்டும் 48 குட்டிகள் தேவைப்பட்டன. வாளேந்தும் எலிகளுக்கு அந்த வழி அறவே பொருந்தாது.

எஞ்சுவது கைவரைத் தொடர். அது ரெட்வோலுக்கே ஏற்கெனவே ஒருமுறை செய்யப்பட்டதுதான்: கனடாவின் நெல்வானா நிறுவனம் 1999 முதல் 2002 வரை மூன்று பருவங்களில் 39 பகுதிகளை வெளியிட்டது. ஒரு நாவலுக்குப் பதின்மூன்று பகுதி என்ற அந்தக் கணக்கு சரியானது. மடத்தின் சமையலறைக்கும் மணிக்கூண்டுக்கும் நேரம் கிடைத்தது. அசைவு சிக்கனமானது, சண்டைகள் மழுங்கியவை என்ற குறைகளை மறுக்க முடியாது. ஆயினும் கைத்தொலைபேசித் திரையில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, கோடிக்கணக்கில் செலவழித்த மயிரிழைகள் மங்கி மண்ணிறமாகக் கலந்துவிட, தடித்த கோட்டில் வரைந்த எலி எலியாகவே நிற்கிறது. டேட்டா மிச்சம் பிடிக்கப் படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்க்கும் வீடுகளில் இது சிறிய விடயமில்லை.

உண்மையான போட்டி வரைகலையிடமிருந்து வரவில்லை, ஒலிப்புத்தகத்திடமிருந்து வருகிறது. ஜேக்ஸ் தாமே கதைசொல்லியாக இருந்து, பாத்திரத்துக்கொரு குரலென நடிகர் குழுவோடு பதிவுசெய்த ஒலிவடிவங்கள் நூலின் பிறப்புக்கு எந்தத் திரையையும்விட நெருக்கமானவை. மண் தோண்டும் அகழெலிகளின் நாட்டுப்புறப் பேச்சும் முயல்களின் படைமுகாம் மிடுக்கும் அவற்றில் துலங்குகின்றன. எனவே தொடர் எடுப்பவர் முதலில் பணம் ஒதுக்க வேண்டியது குரலுக்கு. தமிழாக்கத்தில் எல்லா விலங்கும் சென்னைப் பேச்சே பேசும் வழக்கம் இங்கே கதையின் பாதியை விழுங்கிவிடும். அகழெலிக்கு மட்டக்களப்பு, நீர்நாய்க்கு மன்னார்க் கடற்கரை, முயலுக்கு யாழ்ப்பாணத்துப் பழைய வாத்தியார் என்று பிரித்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சில வேளைகளில் எண்ணிக்கொள்வதுண்டு.

எந்த நாவலில் தொடங்குவது என்பதிலும் நெல்வானாவின் வழியே எனக்கும் வழி. காலவரிசைப்படி மார்ட்டின் முந்தியவன் என்றாலும், அவன் இளமைக் கதை அடிமை வேலையில் தொடங்கி ரோஸ் என்னும் தோழியின் சாவில் முடிகிறது. அதை அவர்கள் மூன்றாம் பருவத்துக்கு வைத்தார்கள். மத்தியாஸின் பெரிய செருப்போடு தொடங்கி, மணி அறுந்து குளூனியின்மேல் விழும்வரை பார்த்துவிட்ட பிள்ளைக்கு மார்ட்டினின் கதையைத் தாங்கும் பலம் இருக்கும்.